உங்களுக்குத் தெரியுமா? – புத்தளக் கரையில் உப்பும் உலையும்

● புத்தளம் என்ற பெயரிலேயே உப்பு கலந்திருக்கிறது. ‘உப்புத்தளம்’ தேய்ந்து புத்தளம் ஆனது என்பார்கள் சிலர். ‘புது அளம்’ என்பதே மூலம் என்பார்கள் வேறு சிலர். எது சரியாக இருந்தாலும், மலைநாட்டுக் கண்டியின் உலைகளுக்கு வெகுகாலம் உப்புப் போன வழிகளில் இந்தக் கரையும் ஒன்று.

● அந்த உப்பு வழிக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலுக்கு ஒரு காவலும் வந்து சேர்ந்தது. புத்தளக் களப்புக்குள் படகு நுழையும் வாய்க்கு அருகே, கற்பிட்டியில், ஒல்லாந்தர் 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடிபட்டுக் கிடந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்த இடத்தைக் குறிப்பிடுகிறார். கண்டி நாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் புத்தளத்திலிருந்துதான் போகின்றன என்கிறார். படகுகள் வராதபடி தடுக்க ஒல்லாந்தர் முனையில் கோட்டை வைத்திருக்கிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்தே சொல்கிறார். சுற்றுலாப் பயணிகள் இன்று படம் எடுக்கும் அந்தக் கோட்டையை நான் உணவுக் கொள்கையின் கட்டடமாகத்தான் பார்க்கிறேன்.

● 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்தார்கள். மறு ஆண்டு எழுதப்பட்ட உடன்படிக்கையில் மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கரையோரம் முழுவதையும் இழந்தார். ஆனால் சிலாபம், புத்தளம் உப்பளங்களில் கண்டி மக்கள் வந்து இலவசமாக உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்ற உரிமை மட்டும் எழுத்தில் நின்றது. தோற்ற மன்னர் கடற்கரையைக் கொடுத்து உப்பைக் காப்பாற்றிக்கொண்டார்.

● பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எண் 2417, ஆண்டு 2018. கற்பிட்டிக் கோட்டையின் கடைசிக் கல்லை வைத்து 342 ஆண்டுகள் கழித்து.

● உப்பும் கருவாடும் மலையேறியது ‘தவளம்’ என்ற பொதிமாட்டுக் கூட்டத்தின் முதுகில். திரும்பும்போது பாக்கு இறங்கும். புத்தளம், கற்பிட்டி, மன்னார்த் தெருக்களில் இன்று உரிமையாளர் இல்லாமல் திரியும் கழுதைகளும் ஒரு காலத்தில் பொதி சுமந்தவற்றின் வழித்தோன்றல்கள்தாம்.

● மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் வந்து இறங்கிய ‘பத்தாலா’ புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அங்கே யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துகள் கொடுத்தார். காட்டாறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் மேடு மேடாகக் கிடந்ததையும், மாபார், மலபார்க்காரர் அவற்றை விலையில்லாமல் ஏற்றிச் சென்று பதிலுக்கு மன்னருக்குத் துணிமணி கொடுத்ததையும் அவர் எழுதிவைத்தார்.

● புத்தளத்தில் ஆண்டு முழுவதும் பெய்வது ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீற்றர். பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வடக்கே போகப் போக அதுவும் குறையும். அந்த மூன்று மாதம் பொய்த்தால் பெரும்போகம் போயிற்று. குளத்தில் நீர் நில்லாததால் அதன் பின்னால் வரும் சிறுபோகமும் போயிற்று.

● ஆறில்லை, குளமில்லை, வெறும் மணல். அப்படியிருந்தும் கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் எப்படி விளைகின்றன? மணலுக்கடியில் கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. மேலே பெய்த மழைநீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு மீற்றரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு நாற்பது மீற்றர் ஏறி வரலாம். கிணறு உவர்க்கத் தொடங்கிய பிறகு வருந்திப் பயனில்லை. அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டியதுதான், மாரி வந்தால்.

● அதே மணல் எதையும் பிடித்து வைக்காது. தோட்டத்துக்குப் போட்ட யூரியாவில் பயிர் எடுத்ததுபோக மிச்சம் நைத்திரேற்றாக நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. கற்பிட்டிக் கிணறுகள் பல இதைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து: இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். நாட்டுக்கு வெங்காயம் கொடுக்கும் ஊரின் தாய்மாருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டியது நாட்டின் கடன்.

● 1990 ஒக்டோபர். வட மாகாணத்து ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொத்தம் எழுபதாயிரம் பேருக்கு மேல். மன்னார்க்காரரில் பெருந்தொகையானோர் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். மழைக் காலத்துக் கடல், மடியில் பிள்ளைகள்.

அந்த மாதத்தை ஓர் உழவரின் கண்ணால் பாருங்கள். ஒக்டோபர் பெரும்போகத்துக்கு விதைக்கும் மாதம். மன்னாரிலும் வவுனியாவிலும் வயல் வைத்திருந்தவர்கள் விதைநெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்தார்கள். மீனவர் பலர் வலையை விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டை இழந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை: சோற்றை உண்டாக்கும் கருவிகள் எல்லாவற்றையும் அவர்கள் ஒரே நாளில் இழந்தார்கள். அதன் பிறகு அவர்களுக்கு எஞ்சியது நிவாரண அட்டையும் வரிசையும்.

● முதல் நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது அரசு இல்லை. புத்தளம், கற்பிட்டி மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டுக் கிடாரத்தில் சோறாக்கிப் போட்டார்கள். கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி என்று தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அந்த ஊர்க்காரரும் வறட்சி மாவட்டத்து ஏழைகள்தாம். தம் கிணற்றையும் கூலியையும் வந்தவர்களோடு பங்கு போட்டார்கள். கூலிக்கு ஆள் கூடியபோது கூலி இறங்கியது, மனக்கசப்பும் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த முதல் வாரத்துச் சோற்றுக்கு ஈடான நிவாரணத்தைப் பிறகு எந்த நிறுவனமும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

● அதே 1990இல் அரசு தொடங்கிய பொருளாதாரத் தடை, வடக்கில் எஞ்சியிருந்த தமிழருக்கு உரத்தையும் எரிபொருளையும் மறித்தது. ஒரு பக்கம் உழவரை வெளியே தள்ளினார்கள், மறுபக்கம் உழவுக்கு வேண்டியதை உள்ளே விடவில்லை. இரண்டு கையும் சேர்ந்துதான் வன்னியின் வயல்களைத் தரிசாக்கின.

● உலருணவு நிவாரணம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேங்காய் எண்ணெய். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசு வைத்த மாத உச்சவரம்பு 1,260 ரூபா. வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபா 40 சதம். 1990களில் வைத்த அந்தத் தொகை, விலைவாசி பல மடங்கு ஏறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. அட்டையில் எண் மாறவில்லை, சங்கக் கடையில் கிடைத்த சாமான்தான் சுருங்கிக்கொண்டே போனது.

ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்பது உதவி நிறுவனங்களின் பொது அளவு. அதை அரிசியாலும் மாவாலுமே நிரப்பிவிடலாம். மீன், கீரை, முட்டை, பால் எதுவும் இல்லாமல் கணக்கு ஒப்பேறிவிடும். கர்ப்பிணிக்கு ஒப்பேறாது. அதனால்தான் எந்த நாட்டு முகாமிலும் மாவில் ஒரு பங்கை விற்று மீன் வாங்குவார்கள். ‘நிவாரணத்தை விற்கிறார்கள்’ என்று குற்றம் சொன்ன அதிகாரிகள் பிள்ளைகளுக்கு வெறும் ரொட்டி கொடுத்து வளர்த்துப் பார்த்தவர்கள் அல்லர்.

● தொகை நிற்க, விலை நடப்பது இந்த நாட்டில் முதல்முறை அல்ல. அரிசிப் பங்கீடு 1942இல், போர்க் காலத்தில் வந்தது. ‘கூப்பன் அரிசி’ என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். 1953இல் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்தப் பாடம் ஆட்சியாளருக்கு நன்றாகவே பதிந்தது என்று நினைக்கிறேன். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொண்டுவந்து, முத்திரையின் ரூபா மதிப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் அதன் வாங்கும் வலு ஏறத்தாழப் பாதியானது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. விலையேற்றம் ஒரே நாளில் அறைகிறது, தேய்மானம் மெல்லத்தான் கொல்கிறது. புத்தளத்து 1,260 ரூபாவும் அப்படியே.

● இடம்பெயர்ந்தவர்களுக்கு அத்தியாவசிய உணவும் பாதுகாப்பான குடிநீரும் எந்த நிலையிலும் கிடைக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டிக் கோட்பாடுகளின் 18ஆவது கோட்பாடு. அந்தக் கோட்பாடுகள் 1998இல் வந்தன. அதற்குள் கொட்டிலில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். 2006இலும் புத்தளத்தில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தோராகவே இருந்தார்கள். நிரந்தர வீடு கட்ட உலக வங்கியின் 3 கோடியே 20 இலட்சம் டொலர்த் திட்டம் 2007இல்தான் வந்தது, பதினேழாம் ஆண்டில்.

● போர் 2009இல் முடிந்தது. மீள்குடியேற்றத்தில் ஒரு திகதி வந்து நின்றது: 2008 ஏப்ரல். அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் ‘பழைய’ அகதிகள், பின் வந்தவர்கள் ‘புதிய’ அகதிகள். முன்னுரிமை புதியவருக்கு. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வந்தவர்களின் துயரம் பெரிது, அவர்களுக்குக் கொடுத்தது நியாயம். ஆனால் பதினெட்டு ஆண்டு காத்திருந்ததையே ஒருவரைப் பின்வரிசைக்குத் தள்ளும் காரணமாக்கியதை ஏற்க முடியவில்லை. சொந்த ஊருக்குத் திரும்பியவர்களின் காணிகளில் காடு வளர்ந்திருந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரு கால் மன்னாரில், ஒரு கால் புத்தளத்தில். நிவாரணப் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் அவர்களைக் கேட்பது ஒன்றுதான்: ‘நீங்கள் எந்த ஊர்?’

● பத்தலங்குண்டு என்ற தீவில் வாடி போட்டு மீன் பிடிப்பவர்களில் பலர் பருவகாலத்துக்கு மட்டும் வருகிறவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் களப்புத்தான் சோறு போடும். போர் இந்த இடம்மாறும் தொழிலையும் பாஸ், சோதனைச் சாவடி, தடைசெய்த கடல் என்று வெட்டியது.

● உடப்புக்குப் போனால் கரைவலையைப் பார்க்கலாம். ஒரு வலையை இழுக்க ஓர் ஊரே வேண்டும், இழுப்பின் தாளத்துக்கு அம்பாப் பாட்டு வேண்டும். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றி இழுக்கிறார்கள். முன்பு கயிற்றைப் பிடித்த ஒவ்வொரு கைக்கும் பிடித்த மீனில் பங்கு உண்டு. ஊரில் மீன் இல்லாத வீடு இல்லாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கயிறு.

● 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது, ஒரே இரவில். சிறுவள்ளத்து இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். பிடிக்கும் மீன் எரிபொருள் செலவைக் கட்டாது என்று தெரிந்தால் வள்ளம் கரையில்தான் கிடக்கும்.

● வெங்காயம், உருளைக்கிழங்கு, கருவாடு, நெத்தலி. இந்தக் கரை விளைவிக்கும் இவற்றின் விலையைக் கொழும்பில் வெளியாகும் ஒரு தாள் தீர்மானிக்கும். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இறக்குமதிப் பண்டங்களுக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீட்டை வர்த்தமானி மூலம் கூட்டலாம், குறைக்கலாம். நகரத்தில் விலை ஏறினால் அறவீடு இறங்கும், கப்பல் வரும். கற்பிட்டியில் அறுவடையும் அதே வாரம் வந்துவிட்டால் வெங்காயம் மூட்டையிலேயே முளைவிடும். நுகர்வோரைக் காப்பது தவறல்ல. விதைக்கும்போதே இந்த ஆண்டு அறவீடு எவ்வளவு என்று விவசாயியிடம் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

● 1980களிலும் 90களிலும் சிலாபத்திலிருந்து வடக்கே களப்போரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. கண்டல் காடு வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக வெறுமையாக்கியது. ஏற்றுமதிக்காக வளர்த்த இறால் போனது. ஊர்க்காரரின் சட்டிக்கு மீன்குஞ்சு வளர்த்துக் கொடுத்த கண்டல் வேர்களும் முன்பே போயிருந்தன.

● 2016–17 வறட்சி நாற்பது ஆண்டுகளில் கடுமையானது. 2017இல் நெல் விளைச்சல் 27 இலட்சம் மெற்றிக் தொன்னாக, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என்று உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. ஒன்பது இலட்சம் பேருக்கு மேல் கடும் உணவுத் தட்டுப்பாட்டில். புத்தளத்திலும் குருநாகலிலும் குடிநீர் பவுசரில் வந்தது.

2022இல் அதே இரண்டு நிறுவனங்களும் மீண்டும் கணக்குப் பார்த்தன: நெல் சுமார் 30 இலட்சம் தொன், முந்திய ஆண்டைவிட 42 சதவீதம் குறைவு. இந்தமுறை வானம் பொய்க்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானி நிறுத்தியிருந்தது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. பிறகு டொலர் இல்லாததால் உரமும் இல்லை. கிணற்றில் நைத்திரேற்று கூடிய கற்பிட்டிக்கு உரத்தைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையாகவே உண்டு. மண்ணைப் பரிசோதித்து, பல போகங்களில், கைபிடித்துச் செய்ய வேண்டிய காரியம் அது.

● 2022 செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். நாட்டில் சுமார் 63 இலட்சம் பேருக்கு உணவு நிச்சயமில்லை. கடைத் தட்டுகளில் சாமான் இருந்தது. 1943 வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981இல் எழுதியதும் இதுவே: தானியம் இருப்பதும், அதைத் தன் தட்டுக்குக் கொண்டுவரும் வழி ஒருவருக்கு இருப்பதும் வேறு வேறு. கற்பிட்டியில் வெங்காயம் கிண்டும் கூலிப்பெண் இதைப் படிக்காமலே அறிவாள்.

● கடைசியாக, உப்பு எப்படி விளைகிறது? களப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். முதலில் ஜிப்சம் படியும், அதை ஒதுக்கிவிட்டு நீரை அடுத்த பாத்திக்கு விட்டால் உப்பு மணி கட்டும். எல்லாம் வெயிலின் கையில். மழை இல்லாத ஆண்டு தோட்டக்காரருக்குச் சாபம், உப்பளக்காரருக்கு விளைச்சல். பாலாவியில் ஒரே வீட்டில் அண்ணன் மழை கேட்பான், தம்பி வெயில் கேட்பான்.

1995 முதல் இலங்கையில் சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம். கண்டக்கழலையை விரட்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. 2024இல் பருவம் தவறிய மழை பாத்திகளைக் கரைத்தது. 30,000 மெற்றிக் தொன் உப்பை இறக்குமதி செய்ய அனுமதி கொடுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் கடைகளில் உப்புப் பைக்கட்டு கிடைப்பது அரிதானது. இரண்டரை நூற்றாண்டுக்கு முன் கண்டி மக்கள் விலையில்லாமல் அள்ளிப் போன உப்பளங்களைக் கொண்ட தீவு, இந்தியாவிலிருந்து வரும் உப்புக் கப்பலுக்காகக் காத்திருந்தது.